தில்லிக் குளிரில் சைக்கிளில் கடைகண்ணிக்குப் போய்வருவது: பொங்கல் வரை நிறுத்திவைக்க வேண்டுமா?

மயூர் விஹார் புதுக்குடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஜூன் மாதம் தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்து மயூர் விஹார் முதல் பகுதியில் குடியிருக்கிறேன். ஊரில் வைத்திருந்த 28 அங்குலக் கறுப்பு சைக்கிளையும் வீட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். வந்த நாள் முதலாகப் பால், காய்கறி, மருந்து, வாரம் ஒருமுறை மாவு மில் என்று வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் அதில்தான் போய்வருகிறேன். எதுவும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இல்லை. காரை வெளியே எடுத்தால் திரும்பி வரும்போது நிறுத்துவதற்கு இடம் இருக்காது என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

மழைக்காலம் முடியும் வரை ஒரு குறையும் இல்லை. மார்கழி பிறந்ததிலிருந்துதான் தொல்லை. காலை ஆறு மணிக்குப் பாலுக்குக் கிளம்பினால் கும்மிருட்டாக இருக்கிறது. பிரேக்கைப் பிடிக்க முடியாதபடி விரல்கள் மரத்துப்போகின்றன. முகக்கவசம் அணிந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது, கழற்றினால் தொண்டை கரகரக்கிறது. போதாக்குறைக்கு, செயினுக்கு எண்ணெய் விட்ட பிறகும் சைக்கிள் மிதிப்பதற்கு முன்பைவிடக் கனமாக இருக்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை பனிமூட்டத்துக்குள்ளிருந்து எதிர்த்திசையில் வந்த பேட்டரி ரிக்‌ஷா ஒன்று என் ஹேண்டில்பாரை உரசிவிட்டுப் போனது. எனக்கு அடி ஒன்றும் இல்லை. இரண்டு பால் பாக்கெட்டுகள் சாலைக்குப் போயின. இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தவறு. பொங்கல் கழியும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்று மனைவி உத்தரவு போட்டுவிட்டார்.

இங்கே பல குளிர்காலங்களைக் கண்டவர்களிடம் கேட்கிறேன்: இந்த மாதங்களிலும் சைக்கிளிலேயே போய்வருகிறீர்களா, அப்படியானால் எதை மாற்றிக்கொண்டீர்கள்?

ஆர்.கே. புரம் பழையவர்:

நண்பரே, 1994-இல் இந்த நகரத்துக்கு வந்தேன். அன்று முதல் எந்தக் குளிர்காலத்திலும் சைக்கிளை மூலையில் சாத்தியதில்லை. ஆனால் நீங்கள் ஓட்டும் நேரத்தில் நான் ஓட்டுவதில்லை. வெயில் ஏறுவதற்குள் வெளிவேலையை முடித்துவிட வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம்; தஞ்சாவூர்ச் சித்திரைக்கு அது சரி. தில்லியில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும், அதாவது வெயில் ஏறிய பிறகுதான் வெளிவேலையைத் தொடங்க வேண்டும். எனக்கு இது புரிய இரண்டு குளிர்காலமும் ஒரு வளைந்த முன்சக்கரமும் தேவைப்பட்டன.

குளிர், பனிமூட்டம், புகை ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகச் சேர்த்துக் 'குளிர்காலம்' என்று சொல்லிவிடுகிறோம். இவற்றில் குளிர்தான் சாது. காலையில் 5 டிகிரி இருக்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது 1 டிகிரியைப் போலத் தோன்றும். அதனால் காற்றைத் தடுக்கும் மேலுடுப்பு ஒன்று இருந்தால் போதும், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராக அடுக்க வேண்டியதில்லை. காற்று கம்பளியின் துளைகள் வழியே நேராக நுழைந்துவிடும். மேலுடுப்பு இல்லாத காலத்தில் ஸ்வெட்டருக்குள் மார்பை ஒட்டிச் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். இன்றும் அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. கம்பளிக் கையுறைக்குள்ளும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை அணிந்து பாருங்கள். குரங்குக் குல்லாய் அணிவதில் வெட்கம் வேண்டாம், ஆனால் அதைக் காதுக்கு மேல் சற்று தளர்வாக விடுங்கள். பின்னால் வரும் வண்டியின் ஓசை கேட்க வேண்டும்.

பனிமூட்டத்துக்கு உடுப்பு கிடையாது. தெளிந்த வானமும் காற்று அசையாத இரவும் சேர்ந்தால், தரை தன் வெப்பத்தை விட்டுக் குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று துளிகளாகத் திரண்டு நிற்கும். நீங்கள் யமுனைக் கரையில் வேறு குடியிருக்கிறீர்கள்; அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பார்வை 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது என்றும் வானிலை ஆய்வுத் துறை வகுத்திருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 50 மீட்டரை மூன்று வினாடியில் கடந்துவிடும். அந்த மூன்று வினாடிக்குள் ஓட்டுநர் உங்களைப் பார்த்து, நம்பி, பிரேக்கை மிதித்து, வண்டியும் நின்றாக வேண்டும். உங்கள் விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜனவரி முதல் பாதியில் சூரியன் எழுவதே 7.15 மணி அளவில்தான். மூட்டம் கலைய அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மணி நேரமாகும்.

ஆறு மணிப் பால் எதற்கு? முந்தின நாள் மாலையிலேயே வாங்கிவிடுங்கள். இந்தக் குளிரில் சமையலறையே குளிர்பதனப் பெட்டிதான். தயிர் உறையாமலும் இட்லி மாவு பொங்காமலும் அவதிப்படும் வீட்டில் பால் திரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். காய்கறிக்குப் பன்னிரண்டு மணிக்குப் போனாலும் கீரை வாடியிருக்காது. இங்கே குளிர்காலம் செய்யும் ஒரே உபகாரம் அதுதான்.

சங்கிலிக்காரர்:

செயினுக்கு எந்த எண்ணெய் விட்டீர்கள் என்று சொல்லவில்லையே. தேங்காய் எண்ணெய் என்றால், கனத்துக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். தஞ்சாவூரில் செயினில் எண்ணெயாக இருந்தது தில்லி ஜனவரியில் மெழுகாகிவிடும், அந்த மெழுகில் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். செயினைக் கழற்றிக் கழுவி, மெல்லிய இயந்திர எண்ணெயைச் சில சொட்டுகள் மட்டும் விட்டுத் துடைத்துவிடுங்கள். சக்கரங்களின் நடுவிலும் பெடல் அச்சிலும் பல வருடத்துக் கிரீஸ் இருந்தால் அதுவும் இறுகியிருக்கும். கழற்றிப் புதியது போடச் சொல்லுங்கள்.

டயரையும் பாருங்கள். ஜூன் மாதத்து 40 டிகிரியில் 60 பவுண்டு அடித்த காற்று, வால்வில் ஒரு துளி கசியாவிட்டாலும், 5 டிகிரியில் 52 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த காற்று சுருங்குவதுதான் காரணம். ட்யூபின் வழியே இயல்பாகக் கசிவது இதற்கு மேல். பழைய மாதிரி வால்வாக இருந்தால் அதன் மேல் மாட்டியிருக்கும் சிறு ரப்பர் குழாயை, அதாவது வால்டியூபை, மாற்றிவிடுங்கள், நாளான ரப்பர் குளிரில் விறைத்து வெடித்துவிடும். வாரம் ஒருமுறை காற்று அடிப்பது கட்டாயம்.

கறுப்பு சைக்கிள் என்றதால் டைனமோ விளக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். சக்கரம் நின்றால் அது அணைந்துவிடும். சாலையைக் கடக்க நீங்கள் நடுவில் நிற்கும்போதுதான் வெளிச்சம் மிகவும் தேவை, அப்போதுதான் அது இருக்காது. பனி படிந்த டயரில் டைனமோ வழுக்கவும் செய்யும். பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் பொருத்துங்கள். ரிம்மில் ஈரம் இருக்கும்போது பிரேக் கட்டை முதல் ஒரு சுற்றுக்கு ஈரத்தைத் துடைக்கிறதே தவிரப் பிடிப்பதில்லை. முன்கூட்டியே லேசாக ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு, பிறகு நிறுத்துங்கள்.

ஜனக்புரி ஆசிரியை:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பின்விளக்கு வாங்குவதைவிட அதை எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். நான் வாங்கிய விளக்கை இருக்கைக்குக் கீழே மாட்டியிருந்தேன். கேரியரில் காய்கறிப் பையை வைத்ததும் அது முழுவதும் மறைந்துவிட்டது என்பதை ஒரு மாதம் வரை கவனிக்கவே இல்லை. திரும்பி வரும்போதுதான் சுமை இருக்கும், இருட்டும் அப்போதுதான் இருக்கும். இப்போது மட்கார்டின் நுனியில் ஒன்றும், பையின் பின்பக்கத்தில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்றும் வைத்திருக்கிறேன். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். மரத்த கையும் ஆடும் பையும் சேர்ந்தால் வளைவில் சைக்கிள் நம் சொல்லைக் கேட்காது. சால்வை, துப்பட்டா, மப்ளர் ஆகியவற்றின் நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும் என்பதை என் துப்பட்டா ஒன்றைப் பின்சக்கரத்துக்குக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இனி புகை. இதை எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்; எனக்கு ஆஸ்துமா இருப்பதால் என்னால் அப்படிக் கடக்க முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் தெரியும் காற்றுத் தரக் குறியீடு அந்த நேரத்துக் காற்றைக் காட்டுவதில்லை, முந்தைய 24 மணி நேரத்தின் சராசரியைக் காட்டுகிறது. கிளம்பலாமா என்று முடிவு செய்ய எனக்கு அது போதாது. அருகிலுள்ள நிலையத்தின் மணிவாரி நுண்துகள் அளவைப் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பட்பர்கஞ்சில் ஒரு நிலையம் இருக்கிறது. குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொள்ள, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால், இரவெல்லாம் புகை மேலே போக வழியின்றிக் கீழேயே தேங்குகிறது. நண்பகல் வெயிலில் தரை சூடேறினால்தான் மூடி திறக்கும். ஆகவே ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை காற்று பெரும்பாலும் சற்றுத் தேவலை. வெயிலே வராத நாளில் இந்தச் சலுகையும் இல்லை.

குறியீடு 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்று பெயர். 400-ஐத் தாண்டிய நாள்களில் நான் சைக்கிளை எடுப்பதில்லை. மிதிக்கும்போது நாம் வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். பேருந்தின் புகைக்குழாய்க்குப் பின்னால் நின்று அதைச் செய்வது உடற்பயிற்சி ஆகாது. துணிக் கவசத்தால் நுண்துகளுக்குப் பெரிய தடை இல்லை. என்-95 அணியுங்கள், அதுவும் விளிம்பு முழுவதும் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மூக்கின் இருபுறமும் காற்று வெளியேறுகிறது என்று பொருள். வெளியேறும் வழியேதான் புகை உள்ளேயும் வருகிறது. மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, கவசத்தின் மேல்விளிம்பின் மீது கண்ணாடி அமரும்படி அணிந்து பாருங்கள்.

நொய்டா ஷிப்டுக்காரன்:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குக் காய்கறி வாங்கப் போவது எல்லோருக்கும் வாய்க்குமா? நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்கு மெட்ரோ நிலையத்தில் இறங்குகிறேன். கேள்வி கேட்டவரும் மாற்றலாகி வந்தவர். ஓய்வு பெற்றவர் அல்லர்.

எங்களைப் போன்றவர்களுக்கு முன்னிரவே வழி. அடர்ந்த மூட்டம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு இறங்கிக் காலை வரை நிற்கிறது. இரவு எட்டு மணிக்கு இருட்டு இருக்குமே தவிரப் பார்வை மறைப்பது அரிது. புகை அந்த நேரத்தில் மோசம்தான், மறுக்கவில்லை. ஆகையால் கோதுமை மாவு, அரிசி போன்ற கனமான சுமைகளைச் சனிக்கிழமை மதியத்துக்கு ஒதுக்கிவிட்டு, வாரநாள்களில் வீடு திரும்பும் வழியிலேயே கிடைப்பதை மட்டும் வாங்குகிறேன். பெரிய சாலையைத் தொடாமல் குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் தெருக்களில் போனால் ஐந்து நிமிடம் கூடுதலாகும். நிஜாமுதீன் பாலத்திலிருந்து உத்தரப் பிரதேச எல்லை வரை 2018-இல் திறந்த விரைவுச் சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதையே போட்டிருக்கிறார்கள்; அதில் எனக்கு எதிரே வந்தவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள். காகிதத்தில் நமக்கு உரிமையான பாதை என்று நம்பி மூடுபனியில் அதில் இறங்காதீர்கள்.

ஆர்.கே. புரம் பழையவர்:

தம்பி, ஒப்புக்கொள்கிறேன், கைக்கடிகாரத்தைக் கழற்றிவைத்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் மறந்துவிட்டேன். வேலைக்குப் போன காலத்தில் நானும் சனிக்கிழமைக்காரன்தான். ஆறு மணிக்குப் போயே தீர வேண்டிய வேலை இருந்தால் நடந்து போங்கள். மார்கழி முழுவதும் இங்கே உள்ள முருகன் கோயிலான மலை மந்திருக்கு நான் நடந்துதான் போகிறேன்; நடைபாதையில் போகிறவனை மூட்டத்துக்குள் எந்தக் காரும் தேடி வருவதில்லை.

மயூர் விஹார் புதுக்குடி:

அனைவருக்கும் நன்றி. பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். நண்பர் ஊகித்தபடி அது தேங்காய் எண்ணெய்தான். என் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். தெருமுனை மெக்கானிக் செயினைக் கழற்றி டீசலில் ஊறவைத்தபோது, அழுக்கு மெழுகுக் கட்டிகளாகவே உதிர்ந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இந்தியில் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. வால்டியூபையும் மாற்றிக் காற்றடித்தபின் சைக்கிள் பழையபடி ஓடுகிறது. கண்ணாடியில் ஆவி பாதியாகக் குறைந்திருக்கிறது.

பாலை இப்போது மாலையில் வாங்குகிறேன். கனச் சுமைகள் சனிக்கிழமை மதியத்துக்குப் போய்விட்டன. சென்ற வாரம் பத்து கிலோ மாவை ஒரு மணி வெயிலில் கொண்டுவந்தபோது ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. இந்தப் பத்து நாள்களில் குறியீடு இரண்டு முறை 400-ஐத் தாண்டியது. ஆசிரியை அம்மா சொன்னபடி அன்று சைக்கிளை எடுக்கவில்லை. உத்தரவும் திருத்தப்பட்டிருக்கிறது: காலை பதினொரு மணிக்கு முன்னால் சைக்கிள் கூடாது, பின்விளக்கு எரிகிறதா என்று வாசலில் நின்று மனைவி பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். சனிக்கிழமை விடியற்காலையில் மட்டும் கோயில் வெண்பொங்கலுக்குத் தூக்குச் சட்டியோடு நடந்து போகிறேன். அதற்குச் சைக்கிள் இருந்தால் பொங்கல் சூடாக வீட்டுக்கு வரும் என்று நேற்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்; பதில் வரவில்லை.