அறுப்பின் பண்டிகைப் பணத்தில் டைல்ஸ் போடுவதா, வீடு வீடாகப் போவதா?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் தோத்திரம். மயிலாடுதுறைப் பக்கம் சின்ன லுத்தரன் சபை எங்களுடையது. ரிஜிஸ்டரில் இருக்கிற குடும்பங்களில் பாதிதான் ஞாயிறு ஆராதனைக்கு வரும். போன தேர்தலில் என்னைச் சபைச் சங்கத்தில், அதாவது நிர்வாகக் கமிட்டியில், உட்கார வைத்துவிட்டார்கள். எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன் நான். கோவில் ஃபேனுக்கெல்லாம் இனி ஓசியில் ரெகுலேட்டர் மாற்றலாம் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள் என்கிறாள் மனைவி. இருக்கலாம்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் (அறுவடை விழா) காணிக்கைப் பொருள்களை விட்ட ஏலம் நன்றாகப் போனது. ஒரே நாட்டுச் சேவலை எடுத்தவர்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்ததில் அதுவே நல்ல தொகை. ஒரு வாழைத்தாருக்காக இரண்டு சம்பந்திகள் விட்டுக்கொடுக்காமல் ஏற்றினார்கள். செலவு போக நாற்பதாயிரத்துச் சொச்சம் கையில் நிற்கிறது. பெரியவர்கள் ஆல்டரைச் சுற்றியும் வாசல் படியிலும் டைல்ஸ் போடலாம் என்கிறார்கள். எனக்கும் இன்னும் சிலருக்கும் வேறு நினைப்பு. கோவிலுக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கிற முதியவர்கள் நிறைய. பிள்ளைகள் ஓசூரில், துபாயில். போன மாதம் மோட்டார் ரிப்பேருக்கு ஒரு வீட்டுக்குப் போனேன். எங்கள் கோவிலில் பல வருஷம் ஆர்மோனியம் வாசித்தவர் வீடு. இரண்டு கண்ணிலும் புரை. ஞானப்பாட்டுப் புத்தகம் கட்டில் மேலேயே இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. "ஏம்ப்பா, இன்னும் பழைய ராகத்துலதான் பாடுறீங்களா, மாத்திட்டீங்களா?" என்றார். பதில் சொல்லிவிட்டு மோட்டாரைக் கழற்றினேன், வேறென்ன செய்ய.

இப்படிப்பட்டவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும், அரசு ஆஸ்பத்திரியிலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். என் சித்தப்பாவே எழுந்து, "நாம் லுத்தரன், கிரியையினால் அல்ல கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்கள், சமூக சேவைக்கு டிரஸ்டுகள் இருக்கின்றன" என்றார். நற்செயலால் இரட்சிப்பு வராது என்பது அவர் வாதம். இன்னொருவர், ஆஸ்பத்திரிக்குப் போனால் மதம் மாற்ற வந்தார்கள் என்று பிரச்சினை வரும் என்றார். பணம் யார் கையில் இருப்பது என்பதிலும் இழுபறி. உங்கள் சபைகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

கடலூர்க்காரன்:

பிரதர், நான் ஆற்காடு லுத்தரன் சபை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பட்டியலில் எந்தெந்தத் தெரு இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு சபையில் "வீட்டுச் சந்திப்பு" என்று வருஷக்கணக்காக நடந்தது. மெயின் ரோட்டு வீடுகளில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். காலனி வீடுகளில் வாசலில் நின்றபடி ஜெபம், "நேரமாச்சு" என்று கிளம்பல். நம்முடைய சபைகளில் ஒரு காலத்தில் சாதி பார்த்து உட்கார இடம்கூடப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். அது பெஞ்சை விட்டுப் போயிருக்கலாம், டம்ளரை விட்டுப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய டீச்சர்:

தம்பி, தரங்கம்பாடிப் பக்கம் சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடலூர்க்காரர் கேட்டது முதல் கேள்வி. அதற்குக் கூட்டத்தில் பதில் சொல்லாதீர்கள், காலனியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

டைல்ஸ்காரர்களை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் வழுக்குகிற படியில் ஒரு கிழவி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் அதுவும் சபை தலையில்தான் விடியும். வீட்டுச் சந்திப்புக்கு நாற்பதாயிரம் தேவையே இல்லை. அந்தப் பணம் முழுக்கத் தரைக்குப் போனாலும் வருகிற வாரமே நீங்கள் தொடங்கலாம். இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாக வைத்ததால்தான் உங்கள் கூட்டம் சண்டையாகியிருக்கிறது.

வேண்டியது மூன்றே: மாறாத ஒரு கிழமை, ஜோடியாகப் போக ஆள், ஒரு நோட்டு. எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் பிடியரிசி இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவது. அதை விற்றுக் கணக்கில் சேர்ப்பதுதான் வழக்கமாக இருந்தது. அப்புறம் அரிசியாகவே கொடுப்போம் என்று மாற்றினோம். பொன்னியும் இட்லி அரிசியும் கலந்துவிடாமல் தனித்தனியாகக் கட்டுவது ஒரு வேலை. கலந்த அரிசி சோறாகவும் வேகாது, கஞ்சியாகவும் இருக்காது. வாங்குகிறவர் மரியாதைக்காக ஒன்றும் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

நோட்டில் "ஜெபித்தோம், ஆறுதல் சொன்னோம்" என்று எழுதக் கூடாது என்று நான் விதியே போட்டிருந்தேன். எழுத வேண்டியது: "பாத்ரூம் பல்பு எரியவில்லை." "பிரஷர் மாத்திரை வெள்ளிக்கிழமையோடு தீருகிறது." "மகன் நம்பர் மாறிவிட்டது, புது நம்பர் பேத்தியிடம்." அடுத்த வாரம் வேறு ஜோடி போனாலும் பல்பு கையோடு போகும். உங்களுக்கு எலக்ட்ரிகல் கடை வேறு இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

எல்லாவற்றையும் சபையே சுமக்க வேண்டியதில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. தகுதி இருந்தும் மனுப் போடாதவர்கள் உண்டு. இ-சேவை மையத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போக பைக் உள்ள வாலிபன் போதும். பென்ஷன்காரர்களுக்கு ஆயுள் சான்று எடுக்கத் தபால்காரர் வீட்டுக்கே வருவார், அதைச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் ஆர்மோனியக்காரருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். திருச்சியில் நம்முடைய ஜோசப் கண் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. பயம்தான் பாதிப் பேரைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரை அழைத்துப்போய் அவரிடம் பேச வையுங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

அவரிடம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பழைய ராகங்களைப் போனில் பதிவு செய்துகொள்ளட்டும். அவர் திட்டுவார். திட்டட்டும்.

ஐயரிடம் (போதகரிடம்) சொல்லி வீட்டிலேயே நற்கருணை, அதாவது அப்பமும் திராட்சரசமும், கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு ஸ்டூல், வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி போதும், ஆனால் துணி சலவை செய்ததாக இருக்கட்டும். மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள். படுத்திருப்பவரால் விழுங்க முடியுமா என்று வீட்டாரிடம் தனியாகக் கேட்டு ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திராட்சரசத்தில் தோய்த்த அப்பத்தின் சின்னத் துணுக்கு போதும்.

நம்பிக்கையூட்டுகிறேன் என்று நிறையப் பேசுகிறவர்களைச் சாவு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" வசனம் சத்தியமானதுதான். அடக்கம் முடிந்த அன்று பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொன்னால் அவள் காதில் வேறு மாதிரி விழும். பாட்டுப் பாடலாம், சும்மாவும் உட்காரலாம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எங்கள் கரையில் சுனாமி என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சில நாளில் ஊர் ஊராக லாரிகளில் பழைய துணி வந்து இறங்கியது. கோட்டு, கம்பளிச் சட்டை, கல்யாண ஜரிகைப் பாவாடை. சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பெண்கள் எங்களிடம் கேட்டது உள்பாவாடையும் நாப்கினும் சீப்பும். அதை ஆண்கள் நின்ற வரிசையில் கேட்க முடியாமல், பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து காதோடு கேட்டார்கள். கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், அதுவும் பெண்களிடம் பெண்களை விட்டுக் கேளுங்கள். போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். அரிசிப் பையோடு ஒரு தாத்தாவை நிறுத்திப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பிரம்பு ஞாபகம் வருகிறது.

செமினரி தம்பி:

காவிரிக்கரை அண்ணே, உங்கள் சித்தப்பாவிடம் சண்டைக்குப் போகாமல் பைபிளில் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைக் கையில் கொடுங்கள். 8, 9 வசனங்கள் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். 10-ஐயும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கேயே இருக்கிறது. கிரியை இரட்சிப்பைச் சம்பாதிக்காது என்பதில், நம் சபைக்குப் பேர் தந்த மார்ட்டின் லுத்தர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆனால் 1520-இல் அவர் எழுதிய சிறு நூல், கிறிஸ்தவன் யாருக்கும் கீழ்ப்படாத சுயாதீனன், அதே சமயம் எல்லாருக்கும் ஊழியக்காரன் என்றுதான் தொடங்குகிறது. பரலோகக் கணக்கில் வரவு வைக்க வேண்டிய அவசியம் தீர்ந்துபோனவனுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரனுக்காகச் செலவழிக்க மனம் வரும். 1527-இல் அவர் இருந்த விட்டன்பர்க் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது பலர் ஊரைவிட்டுப் போனார்கள். லுத்தரும், கர்ப்பமாயிருந்த அவர் மனைவி காத்தரினாளும் அங்கேயே தங்கி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். உங்கள் சித்தப்பாவைவிடவா லுத்தருக்கு லுத்தரன் உபதேசம் குறைவாகத் தெரியும்?

பண விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஜெர்மனியில் சாக்ஸனிப் பகுதியில் லைஸ்னிக் என்று ஒரு ஊர். 1523-இல் அந்தச் சபை ஒரு பொதுப் பெட்டி வைத்தது. கோவில் வருமானம், காணிக்கை எல்லாம் அதில் சேரும். அதிலிருந்துதான் போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், கட்டடப் பராமரிப்பு, ஏழைகள், அநாதைகள், முதியவர்கள் என்று செலவு. கட்டடமும் ஏழையும் ஒரே பெட்டி, டீச்சரம்மா சொன்னது போல. நிர்வாகிகள் பத்துப் பேர்: பிரபுக்களில் இரண்டு, நகர மன்றத்தில் இரண்டு, நகரத்தாரில் மூன்று, சுற்றுவட்டாரக் குடியானவர்களில் மூன்று. பெட்டிக்கு நான்கு வெவ்வேறு பூட்டு, ஆளுக்கொரு சாவி என்று நான்கு தரப்புக்கும். எல்லாரும் வந்தால்தான் திறக்கும். லுத்தரே இந்த ஏற்பாட்டுக்கு முன்னுரை எழுதி அச்சிட்டுக் கொடுத்தார்.

தொகை சின்னது என்று யாராவது சொன்னால் ஜெர்மனியின் ஹாலே ஊரைச் சொல்லுங்கள். 1695-இல் பிராங்கே என்ற போதகரின் உண்டியலில் 4 தாலரும் 16 குரோஷனும் (அந்தக் காலத்து ஜெர்மன் காசு) விழுந்தது. அதை வைத்துத்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது அநாதை இல்லமாகி, அச்சகம், மருந்தகம் என்று வளர்ந்தது. அந்த ஹாலேயில் படித்த மிஷனரி சீகன்பால்குதான் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார். ஜூலை 9-க்கு ஊர்வலம் போகிறோமில்லையா, அதில் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

காவிரிக்கரை:

டீச்சரம்மா, தம்பி, ரொம்ப நன்றி. நான்கு பூட்டு யோசனையைப் பொருளாளரிடம் சொன்னேன், "என்னை நம்பலையா?" என்று முகம் மாறிவிட்டது. "உங்களைக் காப்பாற்றத்தான் ஐயா, நாளைக்கு யாரும் உங்களை ஒரு சொல் சொல்லக் கூடாது" என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். கடலூர் பிரதர், பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். காலனியிலிருந்து ஒரு வீடுதான் இருந்தது. ரிஜிஸ்டரை வைத்துத் தெருவாரியாகப் புதிதாக எழுதுகிறோம். ஆஸ்பத்திரி விஷயம் மட்டும் யாரும் சொல்லவில்லையே?

நைட் டியூட்டி:

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான், இதை நான் சொல்கிறேன். முதலில் ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அலுவலரிடம் (ஆர்.எம்.ஓ.) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திடீரென்று பத்துப் பேர் வார்டுக்குள் நுழைந்து பிரட் கொடுத்தால் எங்களுக்குத்தான் தலைவலி. அதுவும் சர்க்கரை நோயாளிக்கு ஜாம் தடவிய பிரட்! நோயாளிக்கு உள்ளே சாப்பாடு வரும். கூட இருக்கிறவர்தான் திண்டாடுவார். கட்டிலுக்குக் கீழே நியூஸ் பேப்பர் விரித்துப் படுப்பவர், குளிக்கப் போனால் டிரிப்ஸ் தீர்ந்துவிடுமோ என்று நகராமல் இருப்பவர். அவருக்குப் பாய், பிளாஸ்டிக் மக்கு, வெந்நீருக்கு ஃபிளாஸ்க், ஊருக்குத் திரும்பப் பஸ் காசு, போன் சார்ஜ் போட ஒரு வழி. "நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார ஓர் ஆள் இருந்தால் அவருக்கு அதுவே பெரிய உதவி.

மதப் பேச்சு வரும் என்ற பயம் நியாயமானதுதான். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது, அவரிடம் கைப்பிரதி நீட்டுவது எனக்கே பிடிக்காது. யாரென்று கேட்டால் லுத்தரன் கோவிலிலிருந்து என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஜெபம் பண்ணுங்கள் என்று அவராகக் கேட்டால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் பண்ணுங்கள். என் வார்டில் முஸ்லிம் அம்மா ஒருவரும் கேட்டிருக்கிறார். கேட்காதவரிடம் ஃபிளாஸ்கை மட்டும் நிரப்பிக் கொடுங்கள். மைக், பேனர், சிவப்பு நாடா போட்ட பை எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு வாரமும் முடியாது என்றால் மாதம் ஒரு தடவை என்று சொல்லி அதையாவது விடாமல் செய்யுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எல்லா அமைப்பும் வரும், அன்றைக்கு வார்டில் கேக்கை வைக்க இடம் இருக்காது. நீங்கள் பிப்ரவரியில் வாருங்கள்.

காவிரிக்கரை:

பிப்ரவரியையே எழுதிக்கொண்டேன் சிஸ்டர். கூட்டம் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அப்புறம். படிக்கு மட்டும் டைல்ஸ், அதுவும் வழுக்காத ரகம், கைப்பிடிக் கம்பியோடு என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன். ஆல்டருக்கு என்ன சொல்வார்களோ தெரியாது. சித்தப்பா பத்தாம் வசனத்தை வாசித்துவிட்டு, "எனக்குத் தெரியாததா?" என்றார். காலனிக்கு எங்களோடு வருகிறீர்களா என்றேன். முட்டிவலி என்கிறார். டூவீலரில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.