டிராஃபிக் எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்? பக்கத்தில் சுற்றிய கிளைடரைக் காட்டவே இல்லை

வால்காற்று:

வணக்கம் நண்பர்களே. கலிபோர்னியாவில் சான் ஹோசேவின் ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்டில் ஒரு கிளப்பிலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. கிளப் விமானத்தில் ஏடிஎஸ்-பி அவுட் (தன் இடத்தையும் உயரத்தையும் ரேடியோவில் தானே அறிவிக்கும் கருவி) இருக்கிறது, ஆனால் பேனலில் டிராஃபிக், அதாவது அக்கம்பக்கத்து விமானங்களைக் காட்டும் திரை இல்லை. அதனால் கையடக்க ரிசீவர் ஒன்று வாங்கி டேப்லெட்டில் இணைத்துப் பார்க்கிறேன்.

வாங்கியபோது இருந்த நம்பிக்கை இப்போது இல்லை. திரும்பும்போதெல்லாம் எனக்குப் பின்னால் அரை மைலுக்குள், என் உயரத்திலேயே ஒரு விமானம் வருவதாகக் காட்டிக் கத்துகிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, நேராகப் பறக்க ஆரம்பித்ததும் அதுவும் மறைந்துவிடுகிறது. சரி, இல்லாததைக் காட்டினால் எரிச்சலோடு போய்விடும். போன வாரம் ஹாலிஸ்டர் பக்கம் போனபோது ஒரு கிளைடர் (எஞ்சின் இல்லாமல் மிதந்து பறப்பது) என் இடது பக்கத்தில், கிட்டத்தட்ட என் உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டதால் விலகினேன். திரையில் அந்த இடம் சுத்தமாகக் காலி. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கோபுரம், கம்பி மாதிரி தரையில் நிற்பவற்றுக்கான தடை எச்சரிக்கையும் இப்படித்தான். ஆல்டமாண்ட் கணவாயைத் தாண்டும்போது காற்றாலைகளுக்காக வரைபடம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக நிறைகிறது, ஆனால் பள்ளத்தாக்கின் குறுக்கே போகிற மின்கம்பி எதையும் அது காட்டிப் பார்த்ததில்லை.

ரிசீவர் பழுதா, வைத்த இடம் தப்பா, இன்னும் விலை கூடிய கருவி வாங்கினால் சரியாகுமா? "வெளியே பார்" என்று என் இன்ஸ்ட்ரக்டர் சொல்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருவி கத்தும்போது எப்போது நம்புவது, கத்தாதபோது என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்பா அம்மா ஊரிலிருந்து வரப் போகிறார்கள், அவர்களை ஏற்றுவதற்கு முன் இதில் தெளிவாகிவிட ஆசைப்படுகிறேன்.

ஆன்டெனாக்காரர்:

ஏவியானிக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி வாரம் ஒரு தடவையாவது வரும். உங்களைத் துரத்துவது பெரும்பாலும் நீங்களேதான்.

தரையில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) நிலையங்கள் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) உள்ள விமானங்களை ரேடாரில் பார்த்து அந்த இடத்தை மேலே அனுப்புகின்றன, இதற்குப் பெயர் டிஐஎஸ்-பி. ஏர்போர்ட் ரேடார் ஒரு சுற்று வர ஏறக்குறைய 5 விநாடி, நெடுந்தூர ரேடாருக்கு 12 விநாடி வரை ஆகும். அதனால் அந்தப் புள்ளி எப்போதும் கொஞ்சம் பழையது. உங்கள் ஏடிஎஸ்-பி அவுட் ஒழுங்காக வேலை செய்தால், "இவர் ஏற்கெனவே தானே இடத்தைச் சொல்கிறார்" என்று தரை நிலையம் உங்கள் ரேடார் புள்ளியை அனுப்பாது. நடுவில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், அல்லது இரண்டும் பொருந்தவில்லை என்று அதற்குத் தோன்றினால், நீங்கள் சில விநாடிக்கு முன்பு இருந்த இடத்தை வேறு விமானமாக நினைத்து உங்களுக்கே அனுப்பிவிடும். திரும்பும்போது அதிகம் வருவதற்குக் காரணமும் இந்தத் தாமதம்தான்.

முதலில், டேப்லெட் ஆப்பில் விமானத்தின் ஹெக்ஸ் குறியீட்டை (ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள தனி அடையாளத்தை) பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வாடகை விமானத்தில் இது அடிக்கடி விட்டுப்போகும், ஏனென்றால் நேற்று ஒரு 172, இன்று இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். குறியீடு தெரிந்தால் ஆப் தன் சொந்தப் புள்ளியைக் கழித்துவிடும். அதற்குப் பிறகும் வந்தால் எஃப்.ஏ.ஏ. இணையதளத்தில் அந்தப் பயணத்துக்கான ஏடிஎஸ்-பி செயல்திறன் அறிக்கையைக் கேளுங்கள். இலவசம், மின்னஞ்சலில் வரும்.

உங்கள் ரிசீவர் 978, 1090 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் கேட்கிறதா? அமெரிக்காவில் 18,000 அடிக்குக் கீழே பறப்பவர்கள் இரண்டில் எதில் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒன்றை மட்டும் கேட்கிற கருவிக்கு மற்றவர்கள் தெரிய வேண்டுமென்றால் தரை நிலையம் அதை வாங்கி மறு அலைவரிசையில் திருப்பி அனுப்ப வேண்டும், மலைக்குப் பின்னால் தாழ்வாகப் பறக்கும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதோடு தரை நிலையம் அனுப்புவது ஏடிஎஸ்-பி அவுட் உள்ள ஒருவரைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு மட்டும்தான், டிஐஎஸ்-பி என்றால் 15 நாட்டிகல் மைல் ஆரம், மேலும் கீழும் 3,500 அடி. உங்களுடையதில் அவுட் இருப்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

வைக்கும் இடமும் முக்கியம். டாஷ்போர்டில் வைத்தால் எஞ்சின் பக்கம் மறையும், பின் சீட்டில் வைத்தால் ஆள் உட்கார்ந்ததும் உடம்பு மறைக்கும். பக்கவாட்டு ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: உயரம். மற்ற விமானங்கள் அனுப்புவது, ஆல்டிமீட்டரை (உயரமானியை) 29.92 என்ற நிலையான காற்றழுத்தத்தில் வைத்து அளந்த அழுத்த உயரம். ரிசீவரில் அழுத்த சென்சார் இல்லாமல், ஆப் உங்கள் உயரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்தால் ஒப்பீடே தப்பு. அன்று ஆல்டிமீட்டர் செட்டிங் 30.22 என்றால் அதிலேயே 300 அடி போய்விட்டது. வெயில் காலத்தில் சென்ட்ரல் வேலிக்கு மேலே 5,000 அடியில் நிலையான கணக்கு வெப்பநிலையைவிட 20 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால் இன்னும் 400 அடி, இரண்டும் ஒரே பக்கம் கூடும். 700 அடி கீழே இருப்பதாகத் திரை சொல்கிற விமானம் உண்மையில் உங்கள் மூக்குக்கு நேராக இருக்கலாம்.

ஹாலிஸ்டர்_கிளைடர்:

நீங்கள் பார்த்தது எங்கள் ஆட்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம், நான் அங்கேதான் வார இறுதியில் பறக்கிறேன். ரிசீவரை மாற்றி ஒரு பயனும் இல்லை. அந்தக் கிளைடர் எதையும் அனுப்பியிருக்காது, அனுப்பாததை எந்தக் கருவியும் பிடிக்காது.

2020 ஜனவரி 1 முதல் ஏடிஎஸ்-பி அவுட் கட்டாயம் என்பது பாதி உண்மை. பி, சி வகை வான்வெளி (நெரிசலான விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டுப் பகுதி), பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 நாட்டிகல் மைல், 10,000 அடிக்கு மேல் என்று குறிப்பிட்ட இடங்களுக்குத்தான் அந்த விதி. ஹாலிஸ்டர் அதற்கு வெளியே. அதிலும் கிளைடர், பலூன், ஆரம்பத்திலிருந்தே எஞ்சினால் ஓடும் மின் அமைப்பு இல்லாத பழைய விமானம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு. டிரான்ஸ்பாண்டர் இல்லை என்றால் டிஐஎஸ்-பியிலும் வர மாட்டோம். எங்களில் பலர் ஃபிளார்ம் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவி வைத்திருக்கிறோம், கிளைடர்களுக்குள் அது அருமையாக வேலை செய்யும், ஆனால் அது வேறு ரேடியோ. உங்கள் ரிசீவர் அதைக் கேட்காது.

டிரான்ஸ்பாண்டர் இருந்தாலும் போதாது. 2006 ஆகஸ்ட் 28 அன்று நெவாடாவில் மிண்டன் பக்கம் 16,000 அடியில் ஒரு ஹாக்கர் 800 ஜெட்டும் கிளைடரும் மோதின. ஜெட்டில் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது, கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, பேட்டரியை மிச்சப்படுத்த அதை அணைத்து வைத்திருந்தார்கள். கிளைடர் விமானி பாராசூட்டில் இறங்கினார், ஜெட் வயிறு தரையில் உரசித் தரையிறங்கியது, எல்லோரும் பிழைத்தது பெரிய புண்ணியம். அதற்குப் பிறகு நான் பேட்டரி பெரிதாக மாட்டி டிரான்ஸ்பாண்டரை அணைப்பதே இல்லை, மற்ற கிளைடர்காரர்களிடமும் இதற்காகச் சண்டை போடுகிறேன்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, ஹாலிஸ்டருக்கு 10 மைல் முன்பே பொது அலைவரிசையில் இருப்பிடம் சொல்லி, கிளைடர் யாராவது இருக்கிறீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்வோம். மதியத்துக்கு மேல் பஞ்சு மேகத்துக்கு அடியிலும் மலை முகட்டை ஒட்டியும் நாங்கள் இருப்போம், அங்கே நேர்கோட்டில் நுழையாதீர்கள். நேரெதிரே வரும் வெள்ளைக் கிளைடர் ஒரு கோடு மாதிரிதான் தெரியும், அது வட்டத்தில் சாயும்போதுதான் இறக்கை பளிச்சிடும்.

பழைய_இன்ஸ்ட்ரக்டர்:

தம்பி, மேலே இருவரும் சொன்னது சரி. கருவி மௌனமாக இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்களே, அதற்கு அலாஸ்காவில் கெட்சிகன் அருகே 2019 மே 13 அன்று நடந்ததைப் படியுங்கள். பீவர் ஒன்று, ஆட்டர் ஒன்று, இரண்டும் சுற்றுலாப் பயணிகளோடு போன மிதவை விமானங்கள். நடுவானில் மோதி 6 பேர் இறந்தார்கள். இரண்டிலும் டிராஃபிக் காட்டும் வசதி இருந்தது, இரண்டிலும் எச்சரிக்கை வரவில்லை. ஆட்டரில் முன்பிருந்த கருவியை மாற்றியபோது எச்சரிக்கும் வசதி போய்விட்டது. அதோடு ஆட்டர் தன் அழுத்த உயரத்தை அனுப்பவில்லை, உயரம் தெரியாத விமானத்துக்கு பீவரிலிருந்த டேப்லெட் ஆப் எச்சரிக்கை கொடுக்காது. விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் அறிக்கை இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது.

2009 ஆகஸ்ட் 8 ஹட்சன் நதி விபத்து இதற்கு மறுபக்கம். நியூயார்க் பக்கம் பைப்பர் என்ற சிறு விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் போனார்கள். அங்கே இரண்டு விமானிகளும் கையில் இருந்த டிராஃபிக் தகவலைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதையும் ஒரு காரணமாக எழுதினார்கள். நெரிசலான இடத்தில் கருவி ஓயாமல் கத்தினால் காது அதை ஒதுக்கிவிடும், அதனால்தான் உங்கள் பொய்ப் புள்ளியை முதலில் ஒழிக்கச் சொல்கிறேன். எரிச்சலோடு போகிற விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு விமானத்தைக் கண்ணால் பார்த்து, மோதப் போகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்க 12.5 விநாடி ஆகும் என்று எஃப்.ஏ.ஏ. கணக்கு. 110 நாட் வேகத்தில் இருவர் நேருக்கு நேர் வந்தால் அதற்குள் முக்கால் மைல் கரைந்துவிடும். கருவி எங்கே பார்ப்பது என்று காட்டினால் அந்த நேரத்தில் கொஞ்சம் மிச்சம், அதற்காகவே நானும் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே வருகிற புள்ளிதான் மோதும், இதைப் பறக்கும்போதெல்லாம் தேடுங்கள்.

தடை விஷயம் வேறு. ஆப் காட்டுவது எஃப்.ஏ.ஏ.வின் தடைக் கோப்பு. பொதுவாக 200 அடிக்கு மேல் போகும் கட்டுமானம்தான் அறிவிக்கப்பட்டு அதில் ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்ததா இல்லையா என்று ஒரு குறி, துல்லியத்துக்கு ஒரு குறியீடு உண்டு. நல்லது என்றால் பக்கவாட்டில் 20 அடி, உயரத்தில் 3 அடி பிழை. மோசமானது என்றால் பக்கவாட்டில் 1 நாட்டிகல் மைல் வரை போகும். திரையில் எல்லாம் ஒரே மாதிரி கோபுரப் படமாகத்தான் இருக்கும்! மின்கம்பி என்றால் தாங்குகிற கோபுரம் இருந்தாலும் இருக்கும், நடுவில் தொங்கும் கம்பி பெரும்பாலும் இருக்காது. 2011 ஜனவரியில் உங்கள் கலிபோர்னியா டெல்டா பகுதியிலேயே, வெப் டிராக்ட் தீவில், வயலுக்கு மேலே வேலை செய்துகொண்டிருந்த விவசாய விமானி ஒருவர் 200 அடிக்குச் சற்றுக் குறைவான காற்று அளக்கும் கோபுரத்தில் மோதி இறந்தார். அடையாள நிறமும் இல்லை, விளக்கும் இல்லை.

வால்காற்று:

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. ஆப்பில் பார்த்தேன், ஹெக்ஸ் குறியீடு பகுதி காலியாக இருந்தது, கிளப்பில் இருக்கும் எல்லா 172களுக்கும் தனித்தனியாகப் பதிந்துவிட்டேன். ரிசீவரில் அழுத்த சென்சார் உண்டு, இரண்டு அலைவரிசையும் கேட்கிறது. செயல்திறன் அறிக்கைக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், ஆல்டமாண்டில் காற்றாலை எச்சரிக்கைக் குரலை மட்டும் நிறுத்தி வைக்கலாமா? டிராஃபிக் குரல் அதில் மூழ்கிவிடுகிறது.

ஆன்டெனாக்காரர்:

ஆப்பில் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருந்தால் பகலில், நல்ல பார்வை உள்ள நாளில், கணவாயைத் தாண்டும் அந்தச் சில நிமிடம் நிறுத்தலாம். தாண்டியதும் திரும்பப் போடுவதை இறங்கும் செக்லிஸ்ட்டில் எழுதிவிடுங்கள். இரவில் நிறுத்தாதீர்கள். அதைவிட நல்ல வழி 1,000 அடி கூடுதலாக ஏறிக் கடப்பது, கருவி தானே அடங்கிவிடும், எஞ்சின் நின்றால் இறங்க இடமும் கிடைக்கும். அறிக்கை வந்ததும் இங்கே போடுங்கள். சிவப்பில் ஏதாவது இருந்தால், முக்கியமாக உயரம் சம்பந்தமான வரியில், அந்த விமானத்தைக் கிளப் மெக்கானிக் பார்க்கும்வரை அப்பா அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம், வேறு 172 கேளுங்கள்.