மறு: ஹைட்ரோஜெல் எலக்ட்ரோலைட்டுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். மின்கலத்தின் இரு மின்முனைகளுக்கு நடுவே அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்கள் அல்லது அணுத்தொகுதிகள்) போகவிடும், நீரைப் பிடித்துவைத்த ஜெல்தான் ஹைட்ரோஜெல் எலக்ட்ரோலைட். அதற்கு வந்த முன்மொழிவு இது:

> 'நீர்மக் கூழ்ம மின்கடத்தி' என்று வைத்துவிடலாமே?

மூன்று சொல்லோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குகிறேன், ஆபத்து அங்கேதான்.

மின்கடத்தி என்றதும் செம்புக் கம்பிதான் நினைவுக்கு வரும். அதில் ஓடுபவை எலக்ட்ரான்கள். மின்கலத்தின் இரு மின்முனைகளுக்கு நடுவே அப்படி ஒரு பொருளை வைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். நடுவில் இருப்பது அயனிகளைப் போகவிட வேண்டும், எலக்ட்ரான்களை மறிக்க வேண்டும். எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாகச் சுற்றிப் போனால்தானே நமக்கு வேலை நடக்கும்! இன்னொன்று, எலக்ட்ரானையே கடத்தும் ஜெல்களும் உண்டு. கடத்தும் பாலிமர்களைச் சேர்த்துச் செய்வார்கள். மின்முனையாக, உணரியாகப் பயன்படுகின்றன. 'மின்கடத்து' என்ற அடையை அவற்றுக்கு விட்டுவைப்போம்.

எலக்ட்ரோலைட்டுக்குப் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கும் 'மின்பகுளி' போதும் (இலங்கையில் மின்பகுபொருள்). 'கலத்தில் அது பகுபடக் கூடாதே, அப்புறம் எப்படி மின்பகுளி?' என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நீர் பகுபடக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். நீர் சார்ந்த கலங்களின் மின்னழுத்தம் லித்தியம் அயனிக் கலத்தைவிடக் குறைவாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் 1834இல் ஃபாரடே வெளியிட்ட எலக்ட்ரோலைட் என்ற சொல்லின் கிரேக்க வேரிலும் அதே 'பிரிதல்' இருக்கிறது. யாரும் அதை மாற்றவில்லை. உலர் மின்கலம் என்கிறோமே, அதற்குள் மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய ஈர நவச்சார (அமோனியம் குளோரைடு) பசை இருந்ததை யார் கண்டுகொண்டார்கள்? (அந்தப் பசைதான் ஒருவகையில் இன்றைய ஜெல் கலத்துக்கு மூத்த அண்ணன்.)

சரி, 'நீர்மக் கூழ்மம்'. நீர்மம் என்றால் திரவம். இந்தப் பொருளின் சிறப்பே அது ஓடாமல் நிற்பதுதான். கூழ்மமோ 1861இல் வேதியியலாளர் தாமஸ் கிரகாம் தந்த கொலாய்டு என்ற சொல்லுக்கு நாம் வைத்திருப்பது. பால், புகை, மூடுபனி எல்லாமே கூழ்மம். அத்தனை பெரிய குடைக்குள் இதைத் தொலைக்க வேண்டாம். நாம் பேசுவது ஒரு வலை. பாலிஅக்ரிலமைடு, பாலிவினைல் ஆல்கஹால், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் போன்றவற்றின் நீண்ட சங்கிலிகள் குறுக்கே பிணைந்து, துத்தநாக சல்ஃபேட் போன்ற உப்புக் கரைசலைத் தமக்குள் பிடித்துவைக்கின்றன. வளைத்தாலும் ஒழுகாது, லித்தியம் அயனிக் கலத்திலுள்ள கரிமக் கரைப்பான்கள்போல் எளிதில் தீப்பற்றாது.

முதலில் எனக்குப் பிடித்த சொல் 'இழுது'. பழந்தமிழில் வெண்ணெய், நெய், கொழுப்பு என்றெல்லாம் பொருள். ஜெல்லிமீனை இழுதுமீன் என்பவர்களும் உண்டு. 'நீரிழுது' என்று எழுதிப் பார்த்துச் சில நாள் மகிழ்ந்திருந்தேன். அப்புறம் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'நீரிழிவு உள்ளவர் அணியும் சர்க்கரை அளவியில் நீரிழுது மின்கலம்.' இரண்டே எழுத்து மாறினால் நோயே மின்கலத்துக்குள் புகுந்துவிடும். கைவிட்டேன்.

ஆக, ஜெல்லுக்குக் களி, ஹைட்ரோஜெல்லுக்கு நீர்க்களி. களி என்றால் களிமண் நினைவில் குறுக்கிடும் என்ற மறுப்பு உண்மைதான், ஆனாலும் 'நீர்' முன்னால் நிற்பதால் சமாளிக்கலாம். குடும்பமும் எளிதாக விரிகிறது: உலர்ந்த வகை உலர்களி, நீருக்குப் பதில் காற்று நிறைந்த ஏரோஜெல் காற்றுக்களி. முழுப் பெயருக்கு நீர்க்களி மின்பகுளி. சுருக்கம் வேண்டுமானால் மின்பகு நீர்க்களி.

> 'பாதுகாப்பான நெகிழ் அணிகல மின்கலம்' பற்றியும் சொல்லுங்கள்.

உடலில் அணியக்கூடிய, வளையும் மின்கலத்துக்கான பெயர்தானே இது. அதில் 'பாதுகாப்பான' வேண்டாம். எளிதில் தீப்பிடிக்காது என்பதற்காகத் தொல்லையே இல்லை என்றாகாது. மின்முனையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வெளியேறினால் கலம் வீங்கிவிடும். 'நெகிழ்' என்றால் பலருக்கு நெகிழிதான் தோன்றும், அதனால் 'வளைதகு'. இழுத்தால் நீள்வது வேறு, அதற்கு 'நீள்தகு'. அணிகலம் நகை ஆகிவிடுகிறது. 'அணிமின்கலம்' அழகுதான், ஆனால் அணி என்றால் வரிசையும்கூட. மின்கல அடுக்கோடு குழம்பும். 'உடலணி மின்கலம்' என்றால் தெளிவு.

கடுங்குளிரிலும் உறையாமலிருக்க நீரோடு எத்திலீன் கிளைக்கால் சேர்க்கும் வகை ஒன்று உண்டு. அதையும் நீர்க்களி என்று சொல்லத் தகுமா? வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள், நம் சொற்பட்டியலில் அதன் எதிரே இடம் விட்டிருக்கிறேன்.