புதுப்பிப்பு: எடிட்டர் மந்தமானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டரான விஎஸ் கோடில் தட்டும் எழுத்து ஒரு நொடி கழித்துத்தான் திரையில் வருகிறது, 8 ஜிபி ராமில் பாதியை அதுவே தின்றுவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

எடிட்டரின் எந்தப் பகுதி எவ்வளவு ராம் எடுக்கிறது என்று காட்டும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரை ஹெல்ப் மெனுவிலிருந்து திறந்து பார்த்தேன். எடிட்டர் ஜன்னல் அமைதியாகத்தான் இருந்தது. எக்ஸ்டென்ஷன்களை (எடிட்டரில் நாமாகச் சேர்க்கும் துணை நிரல்களை) இயக்கும் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற வரி மட்டும் 2 ஜிபியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. சரி, கோளாறு ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனில்தான். ஆனால் என்னிடம் 30 இருந்தன! எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் வசதிதான் கைகொடுத்தது. ஒவ்வொரு தடவையும் பாதியை அணைத்துவிட்டு, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். ஐந்தே சுற்றில் சிக்கியது, என்றோ போட்டு மறந்துபோன ஒரு லின்டர், அதாவது நிரலில் தவறுகளைத் தேடிக் காட்டும் எக்ஸ்டென்ஷன். பில்டில் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போது) தானாக உருவாகும் கோப்புகளையும் விடாமல் அலசிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நீக்கியதும் அதே வரி 400 எம்பியில் நிற்கிறது.

எடிட்டரையே மாற்றச் சொன்னவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.