27 வயதில் சூழலியல் படிக்க ஆசை: ஃபவுண்டேஷன் இயர் வழியாகப் போகலாமா?

மன்னார்க்கரை:

வணக்கம். லண்டன் கிங்ஸ்பெரியில் இருக்கிறேன், சொந்த இடம் மன்னார். ஊரில் ஏ/எல் கொமர்ஸ் எடுத்துவிட்டு இங்கே வந்தவன். வந்த நாள் முதல் வேலைதான், இப்போது ஒரு கிடங்கில் ஸ்டொக் கணக்குப் பார்க்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்துவிட்டது. கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள்.

யூனியில் சூழலியலும் இயற்கைப் பாதுகாப்பும் படிக்க வேண்டும் என்பது நேற்று வந்த ஆசை இல்லை. வங்காலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மாரிக்குப் பிறகு அந்த ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகளும் கருவால் மூக்கன்களும் நிற்கிற நிற்பு. அது 2010இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை. இங்கே வீட்டுக்குக் கிட்ட பிரென்ட் நீர்த்தேக்கம் இருக்கிறது. வேலை விட்டால் அங்கேதான். கொண்டை முக்குளிப்பான்கள் ஜோடியாக நேருக்கு நேர் நின்று தலையைச் சிலுப்புவதைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

பிரச்சினை என்னவென்றால் மூன்று வருடப் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் உயிரியலோ வேறு ஒரு விஞ்ஞான பாடமோ கேட்கிறார்கள், என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் சில யூனிகளில் ஃபவுண்டேஷன் இயர் என்ற அடிப்படை வருடத்தோடு சேர்த்து நான்கு வருடமாகக் கொடுக்கிறார்கள். அப்படிப் படித்த பட்டத்துக்கு மதிப்புக் குறைவா? அந்த முதல் வருடத்துக்கும் கடன் கிடைக்குமா? படித்து முடித்தால் வேலை இருக்கிறதா? மாமா ஒருவர் "இந்த வயதில் பூச்சி பிடிக்கவா போகிறாய், அக்கவுண்டிங்கை முடி" என்கிறார். மனைவி மட்டும் "விசாரித்துப் பார்" என்று சொன்னதால் இங்கே எழுதுகிறேன். யாராவது இந்த வழியால் போயிருந்தால் சொல்லுங்கள்.

---

நாணல்குருவி:

தம்பி, நான் இந்த வழியால்தான் போனேன். பள்ளிக்கூடத்தில் எனக்கும் விஞ்ஞானம் இல்லை. இப்போது ஒரு சூழலியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை.

முதலில் மதிப்பு பற்றி. நான்கு வருடம் முடித்துக் கையில் வாங்குவது அதே பிஎஸ்சி ஆனர்ஸ்தான், நேரடியாக வந்தவர்களுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று இரண்டு பட்டம் கிடையாது. ஃபவுண்டேஷன் இயர் மார்க்ஸ் பொதுவாகப் பட்டம் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்ற கணக்கில் சேராது, ஆனால் அதில் தேறினால்தான் முதலாம் ஆண்டுக்குள் விடுவார்கள். எத்தனை வீதம் எடுக்க வேண்டும் என்பது யூனிக்கு யூனி மாறும், விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

அந்த ஒரு வருடத்தில் உயிரியல், அடிப்படை ரசாயனம், கணக்கும் புள்ளியியலும், ஆய்வறிக்கை எழுதும் முறை எல்லாம் வரும். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளாக இருப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ராணுவத்தில் இருந்து வந்தவர், பிள்ளை வளர்த்துவிட்டு வந்த அம்மா என்று என் வகுப்பிலேயே பலவிதம் இருந்தார்கள். வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் நேரத்துக்கு வருவார்கள், கேள்வி கேட்பார்கள், அது ஆசிரியர்களுக்கும் பிடிக்கும்.

ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. இந்தத் துறையில் உங்களைத் தூக்கி நிறுத்தப் போவது இனங்களை அடையாளம் காணும் திறமை. அதை எந்த யூனியும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை, நேரமும் இல்லை. ஓடைக்குள் இறங்கி, நீரோட்டம் போகிற பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மூன்று நிமிடம் அடிமணலைக் கிளற வேண்டும். பிறகு வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். முதலில் வெறும் சேறும் இலையும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும். வாலில் மூன்று இழை இருந்தால் பெரும்பாலும் மேஃபிளை இளம்புழு, இரண்டு என்றால் ஸ்டோன்ஃபிளை, இரண்டுமே நீரில் வளரும் பூச்சிகள். மணலை ஒட்டித் தனக்கே ஒரு குழாய் கட்டி அதற்குள் இருந்து தலையை நீட்டுவது கேடிஸ். ஸ்டோன்ஃபிளைகள் அழுக்குத் தண்ணீரைத் தாங்காது, அவை நிறைய இருந்தால் ஓடை நன்றாக இருக்கிறது என்று பொருள். இந்தக் கண் வர வருடக்கணக்கில் ஆகும். அதனால் யூனி தொடங்கும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்குங்கள்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கு பயோடைவர்சிட்டி நெட் கெயின் கட்டாயம். கட்டி முடித்த பிறகு அந்த இடத்தின் இயற்கை மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடியிருக்க வேண்டும், அதை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். இதைக் கணக்குப் போட நிலத்தில் நடந்து புல்வெளி எது, புதர் எது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிற ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நாங்கள். ஆரம்பச் சம்பளம் பெரிதில்லை, அதை மறைக்க மாட்டேன். உங்கள் மாமா சொல்கிற அக்கவுண்டிங்கில் இதைவிடக் கூடுதலாக வரலாம். ஆனால் வேலைக்குப் போகும் காலைகளில் எனக்கு மனம் கனப்பதில்லை.

---

கணக்குப்பிள்ளை:

கடன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இதில் பலர் குழம்புகிறார்கள்.

ஃபவுண்டேஷன் இயர் பட்டப்படிப்போடு சேர்ந்த நான்கு வருடப் படிப்பாக இருந்தால் முதல் வருடம் முதலே ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் (அரசின் மாணவர் கடன் அமைப்பு) கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் கொடுக்கும். தனியாக நிற்கிற ஃபவுண்டேஷன் படிப்பு என்றால் கதை வேறு. ஆகவே யூனி விண்ணப்பத் தளமான யூகாஸில் தேடும்போது அந்த வருடம் பட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

2025-26இல் கட்டண உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்ட். ஃபவுண்டேஷன் இயருக்கு 5,760 பவுண்ட்தான் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது வணிகம், சமூகவியல் மாதிரி வகுப்பறைப் பாடங்களுக்கு. ஆய்வுகூடம் உள்ள உயிரியல் பக்கம் முழுக் கட்டணம்தான்.

இப்போது தொடங்குபவர்களுக்கு ஐந்தாம் திட்டக் கடன். ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. நீங்கள் 25 வயதைத் தாண்டியவர் என்பதால் அப்பா அம்மா வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள், மனைவியின் வருமானத்தைப் பார்ப்பார்கள். பிள்ளை இருப்பதால் குழந்தைப் பராமரிப்பு மானியமும் பெற்றோர் கற்றல் உதவித்தொகையும் கிடைக்குமா என்று கட்டாயம் விசாரியுங்கள். இவை கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. நம்மாட்கள் பலர் இந்தப் பகுதியை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. பக்கத்துக் கல்லூரியில் அக்சஸ் டு ஹையர் எஜுகேஷன் டிப்ளோமா, விஞ்ஞானப் பிரிவில். பெரும்பாலும் ஒரு வருடம். அதற்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எடுக்கலாம், பிறகு யூனியில் பட்டம் முடித்தால் அந்தக் கடனில் கட்டாமல் இருக்கும் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கூட்டிக் கழித்தால் ஒரு வருட யூனிக் கட்டணம் மிச்சம்.

---

பொருநைக்காரன்:

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இங்கே பிரிட்டனில் சூழலியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு செய்முறை வகுப்பும் எடுக்கிறேன், அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மேலே சொன்ன அக்சஸ் டிப்ளோமா பணக்கணக்கில் லாபம்தான், அதை வைத்துப் பல யூனிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். ஃபவுண்டேஷன் இயர் முடித்தால் பொதுவாக அதே யூனியில்தான் மேலே போக முடியும். ஆனாலும் நண்பருக்கு நான் ஃபவுண்டேஷன் இயரைத்தான் சொல்வேன். அக்சஸில் கிட்டத்தட்ட ஒரே வருடத்தில் ஏ லெவலுக்கு நிகரான பாடத்தை அடைக்கிறார்கள், வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு வருபவர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். ஃபவுண்டேஷன் இயரில் அந்தத் துறையின் ஆய்வுகூடம், நூலகம், ஆசிரியர்கள் எல்லாம் முதல் நாளிலிருந்தே உங்களுக்குப் பழக்கம். முதலாம் ஆண்டு தொடங்கும்போது புது ஆளாக நிற்க மாட்டீர்கள். ஏ லெவலில் நல்ல மார்க்ஸ் வாங்கி நேரே வந்த பிள்ளைகள் அறிக்கை எழுதத் தெரியாமல் முழிக்க, ஃபவுண்டேஷன் வழியாக வந்தவர்கள் சரளமாக எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கிடங்கில் ஸ்டாக் கணக்குப் பார்ப்பதை நண்பர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சூழலியலில் பாதி வேலை அதுதான். நிலத்தில் எத்தனை சதுரச் சட்டகம் வைத்தோம், எதில் என்ன செடி எவ்வளவு பரப்பை மூடியிருந்தது என்று ஒழுங்காகப் பதிந்து, பிழை பார்த்து, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, வித்தியாசம் உண்மையானதா தற்செயலா என்று சோதிக்க வேண்டும். ஆர் இலவசம், வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், அதுவும் இலவசம். இரண்டையும் இப்போதே இறக்கிப் பழகுங்கள்.

யூனியைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையை மட்டும் பார்க்காதீர்கள். களவகுப்பு எத்தனை, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா, கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா, சுற்றிலும் என்ன நிலம் இருக்கிறது என்று கேளுங்கள். கார்ன்வாலில் எக்ஸிடர் பல்கலையின் பென்ரின் வளாகம், கென்ட் பல்கலையில் 1989இல் தொடங்கிய டரெல் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் இவையெல்லாம் இந்தத் துறையில் பெயர் பெற்ற இடங்கள். ஆனால் குடும்பத்தை லண்டனில் வைத்துக்கொண்டு கார்ன்வால் போவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ரயிலில் போய்த் திரும்பும் தூரத்தில் இருப்பதே உங்களுக்கு நல்லது. எங்கும் போக முடியாவிட்டால் ஓபன் யூனிவர்சிட்டி இருக்கிறது, பெரும்பாலான படிப்புகளுக்கு நுழைவுத் தகுதியே கேட்க மாட்டார்கள், வேலையோடு பகுதிநேரமாகப் படிக்கலாம்.

ஊரிலிருந்து மாணவர் விசாவில் வர நினைத்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்ன கடன் எதுவும் உங்களுக்குக் கிடையாது. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் ஒரு வருடம் கூடுதலாகப் படிப்பது பெரிய பாரம். ஊரிலேயே இளங்கலை முடித்துவிட்டு முதுகலைக்கு வருவது மேல்.

---

மன்னார்க்கரை:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. குழந்தைப் பராமரிப்பு மானியம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது, நேற்று இரவு மனைவியோடு இருந்து எல்லாவற்றையும் வாசித்தோம்.

இன்னும் இரண்டு கேள்வி. ரசாயனம் என்றால் எனக்கு நடுக்கம், ஓ/எல்லோடு விட்டது. அதில் விழுந்துவிடுவேனோ? மற்றது, வேலை விளம்பரங்களில் எல்லாம் டிரைவிங் லைசென்ஸ் கேட்கிறார்கள், இரவு வேலை என்றும் போடுகிறார்கள். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அது சரிவருமா?

---

நாணல்குருவி:

ரசாயனம் பற்றிப் பயம் வேண்டாம் தம்பி. மண்ணின் காரத்தன்மை, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், வயலில் இருந்து வழிந்து வருகிற நைட்ரேட், இவற்றைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வேண்டும். ஃபவுண்டேஷன் இயரில் அணுவில் இருந்து தொடங்கித்தான் சொல்லித் தருவார்கள். தெரியாதவர்களுக்காகவே நடத்துகிற வருடம் அது.

லைசென்ஸ் கட்டாயம் எடுங்கள், படிக்கிற நான்கு வருடத்துக்குள் எடுத்தால் போதும். நாங்கள் பார்க்கிற இடங்களுக்கு பஸ் போவதில்லை, அதுவும் இரவு பதினொரு மணிக்குத் திரும்பி வர.

இரவு வேலை உண்மைதான். மே முதல் செப்டம்பர் வரை வௌவால் கணக்கெடுப்பு. பொழுது படுவதற்குக் கொஞ்சம் முன்பே கட்டடத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூரை ஓட்டு இடுக்கில் இருந்து எத்தனை வெளியே வருகின்றன என்று எண்ண வேண்டும். கையில் இருக்கிற கருவி அவற்றின் ஒலியை நம் காதுக்கு மாற்றித் தரும். ஒலி 45 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பலமாகக் கேட்டால் காமன் பிபிஸ்ட்ரெல், 55 பக்கம் என்றால் சோப்ரானோ பிபிஸ்ட்ரெல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். முன்பு விடிகாலையிலும் போக வேண்டியிருந்தது, 2023இல் வந்த புதிய வழிகாட்டி நெறிகளுக்குப் பிறகு இரவுக் கேமரா வைத்து அந்திப் பொழுதிலேயே பெரும்பாலும் முடிக்கிறோம். எனக்கும் இரண்டு பிள்ளைகள். கோடையில் வாரத்தில் சில இரவுகள் கணவர் பார்த்துக்கொள்வார், குளிர்காலத்தில் நான் வீட்டில் இருந்து அறிக்கை எழுதுவேன். இரவு வேலை வேண்டவே வேண்டாம் என்றால் நகரசபைச் சூழலியலாளர், ஆற்று அறக்கட்டளை மாதிரி வேலைகளில் அது குறைவு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் இருக்கிற இடம் இதற்கு எவ்வளவு வசதி என்று உங்களுக்கே தெரியவில்லை. கிரீன்ஃபோர்டில் பாரடைஸ் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் 2023 அக்டோபரில் பீவர் என்ற, ஓடையில் அணை கட்டும் விலங்குகளின் குடும்பம் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள், உங்கள் வீட்டில் இருந்து கொஞ்சத் தூரம்தான். அங்கே தொண்டர்களைச் சேர்க்கிறார்கள். மகளையும் கூட்டிப் போய், பீவர் கட்டிய அணைக்குப் பின்னால் தண்ணீர் எப்படித் தேங்கிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். பார்க்கிற ஒவ்வொன்றையும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் படத்தோடு பதியுங்கள், பிழை என்றால் யாராவது திருத்துவார்கள். ஜூலையில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு வரும், பதினைந்து நிமிட வேலை. செடிகளில் பிடிப்பு வந்தால் பின்னாளில் ஃபிஸ்க் என்ற கள அடையாளத் தேர்வு எழுதுங்கள், நிறுவனங்கள் அதைப் பெரிதாக மதிக்கின்றன.

யூகாஸ் விண்ணப்பத்தில் இப்போது நீளமான கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள். ஏன் இந்தப் பாடம் என்ற முதல் கேள்விக்கு நீங்கள் மேலே எழுதிய வங்காலையையும் பிரென்ட் நீர்த்தேக்கத்தையும் அப்படியே எழுதுங்கள், அதைவிட நல்ல பதில் வேறு இல்லை. முதல் கெடு ஜனவரியில் வரும். தவறினாலும் ஜூன் 30 வரை போடலாம், அதற்குப் பிறகு கிளியரிங், அதாவது மிச்சம் இருக்கிற இடங்களுக்கான சேர்க்கை. அதற்கு முன் நாளைக்கே இரண்டு மூன்று யூனிகளின் சேர்க்கைப் பிரிவுக்கு உங்கள் ஓ/எல், ஏ/எல் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பி, கணக்கும் ஆங்கிலமும் இதுவே போதுமா என்று கேளுங்கள். போதாது என்று சொன்னால் கவலை வேண்டாம், ஜிசிஎஸ்இ (இங்கே பதினாறு வயதில் எழுதுகிற தேர்வு) தரம் 4 இல்லாத பெரியவர்களுக்கு அந்த இரண்டு பாடத்தையும் கல்லூரிகளில் இலவசமாகவே நடத்துகிறார்கள், செப்டம்பரில் சேர்க்கை.