மறு: கடல் அடைக்கலமாகவும் ஆபத்தாகவும் வரும் கதைகளுக்கு ஒரு சொல் – ‘கடற்புகல்’

அனைவருக்கும் வணக்கம்.

நம் அறிவியல் புனைகதைச் சொற்பட்டியலுக்காக, கடல் அடைக்கலமாகவும் ஆபத்தாகவும் சேர்ந்தே வரும் கதைகளுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஐயா ‘கடல்கோள்’ போதும் என்கிறார், பினாங்கு அக்கா ‘கடலரண்’ என்கிறார், தம்பி ‘நீரடிக் கதை’ என்று எழுதியிருக்கிறார். தம்பியின் சொல் இடத்தை மட்டும்தான் சொல்கிறது, அதை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். மற்ற இரண்டும் எனக்குப் பிடித்த சொற்கள்தான், ஆனால் ஆளுக்குப் பாதியைத்தான் பிடிக்கின்றன. கடல்கோள் என்றால் கடல் வந்து ஊரைக் கொண்டுபோய்விட்டது, அதோடு முடிந்தது. கடலுக்குள் போய்ப் பிழைத்தவனுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. அரண் என்றால் காவல். அரணுக்கு வேண்டியவற்றைச் சொல்லும் குறளில் மணிநீர்தான் முதலில் வருகிறது, அதனால் அக்கா சொல்வதற்கு நல்ல வேர் உண்டு. ஆனால் காக்கிற அதே தண்ணீர் உள்ளே இருப்பவனை நெரித்துவிடும் என்ற பயம் அரணில் வராது.

நாம் பெயர் தேடுவது இந்த இரண்டும் பிரிக்க முடியாமல் கிடக்கிற கதைகளுக்கு. என் பரிந்துரை: கடற்புகல்.

மலேசியாவில் சிலாங்கூரின் எங்கள் பந்திங் பக்கம், கேரித் தீவு மாதிரிக் கடலோரத் தோட்டங்களில் நிலம் ஏற்ற நீர்மட்டத்தைவிடத் தாழ்வு. சுற்றிலும் மண்கரை போட்டு, மதகு வைத்து, வற்று நேரத்தில் உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரை வெளியே விட்டு, ஏற்றம் வரும்போது அடைத்து, அப்படித்தான் முதலில் ரப்பரும் அப்புறம் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) அங்கே வளர்ந்தன. கரை எங்கேயாவது விட்டுக்கொடுத்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) ஆட்கள் சொல்வது ‘கடல் பூந்துடுச்சு’, அதாவது புகுந்துவிட்டது. 2004 டிசம்பர் 26இல் பினாங்கிலும் கெடாவின் கோலமூடாவிலும் ஆழிப்பேரலை ஏறியபோது நம் ஆட்கள் வாயில் வந்ததும் அதே சொல்தான். இந்தப் ‘புகு’ மறுபக்கமும் வேலை செய்கிறது. போக்கிடம் இல்லாதவன் புகல் தேடுகிறான், அடைக்கலம் புகுகிறான். ஊருக்குள் கடல் புகுந்தால் ஆபத்து, கடலுக்குள் ஆள் புகுந்தால் அடைக்கலம். வினை ஒன்றேதான், யார் புகுகிறார்கள் என்பது மட்டும் மாறுகிறது.

இலக்கணம் பார்ப்பவர்கள் கட்டாயம் ஒன்று கேட்பார்கள். ‘கடலில் புகல்’ என்று விரித்தால் வேற்றுமைப் புணர்ச்சி, ல் ற் ஆகும், கடற்புகல் சரி. கடலே எழுவாயாக நின்று ‘கடல் புகுதல்’ என்று விரிந்தால் அது அல்வழி (வேற்றுமை உருபு இல்லாத சேர்க்கை), அங்கே திரியலாமா? லகர ஈறு வல்லினத்துக்கு முன் வேற்றுமையில் திரியும், அல்வழியில் திரிந்தும் வரலாம் திரியாமலும் வரலாம் என்பது நன்னூல் விதி. ஆகவே கடற்புகல் என்ற ஒரே வடிவம் இரண்டு விரிவையும் தாங்கும். இந்தச் சொல்லை நான் இவ்வளவு பிடிவாதமாக முன்வைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

சரி, கதைகளில் பொருத்திப் பார்ப்போம். ழூல் வேர்னின் நாவலில் நீர்மூழ்கிக் கப்பலில் வாழும் கேப்டன் நெமோவை எல்லோருக்கும் தெரியும். அவன் யார் என்பதை வேர்ன் ‘மர்மத் தீவு’ நாவலில்தான் சொல்கிறார்: புந்தேல்கண்ட் அரசகுமாரன் டக்கார், 1857 எழுச்சியில் ஆங்கிலேயருக்கு எதிராக நின்று குடும்பத்தை இழந்தவன். கடலின் மேற்பரப்பில் கொடுங்கோலர்கள் என்ன சட்டமும் போடட்டும், முப்பது அடிக்குக் கீழே அவர்கள் அதிகாரம் செல்லாது என்பது அவன் வாதம். உணவும் உடையும்கூட அவனுக்குக் கடலிலிருந்தே வருகின்றன. அதே கடலில்தான் தென்துருவப் பனிக்கட்டிக்குக் கீழே கப்பல் மாட்டிக்கொண்டு காற்றுத் தீர்ந்துபோகும் நிலை வருகிறது, ராட்சதக் கணவாய் அவன் ஆள் ஒருவனைக் கொண்டுபோகிறது. ஜான் விண்டம் 1953இல் எழுதிய நாவலில் இது திரும்பி நிற்கிறது: விண்ணிலிருந்து வந்த உயிர்கள் ஆழ்கடலில் புகுந்துகொள்கின்றன, பிறகு துருவப் பனியை உருக்கிக் கடலை லண்டனுக்குள் விடுகின்றன. ஒரு கதைக்குள்ளேயே இரண்டு புகலும்.

ஆனால் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானவர் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக். 1936இல் வந்த அவருடைய சலமாண்டர் (பல்லி மாதிரி உருவமுள்ள நீர்நில வாழ்வி) நாவல், சுமத்ராவுக்கு மேற்கே தானா மாசா என்ற சிறு தீவில் தொடங்குகிறது, நமக்கு மலாக்கா நீரிணையையும் சுமத்ராவையும் தாண்டினால் அந்தப் பக்கம். அங்கே கரைக்கடலில் ஒளிந்து வாழும் பெரிய சலமாண்டர்களுக்குக் கத்தி கொடுத்து முத்துக் குளிக்க வைக்கிறார் ஒரு கப்பல் தலைவர். கத்தி எதற்கென்றால், சுறாவிடமிருந்து தப்பிக்க. அப்புறம் பெரிய கம்பெனி ஒன்று கிளம்பி, அவற்றைத் தரம் பிரித்து, விலை போட்டு, கப்பலில் ஏற்றி, உலகம் முழுக்கக் கடற்கரை வேலைக்கு விற்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்த யாரும் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட முடியாது. கடைசியில், பெருகிப்போன சலமாண்டர்களுக்கு ஆழமில்லாத கடல் போதவில்லை. மனிதர்கள் வேலைக்காகக் கொடுத்த வெடிமருந்தாலேயே கரைகளைத் தகர்த்து நிலத்தைக் கடலாக்குகின்றன. அவற்றுக்கு அது வாழப் புகல், மனிதனுக்கோ கடல் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. இதைக் கடல்கோள் என்று எழுதினால் தண்ணீர்தான் குற்றவாளி ஆகும், யாரை விற்றதால் அந்தத் தண்ணீர் வந்தது என்பது மறைந்துபோகும். ஐயா, உங்கள் சொல்லை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் மலாயாவுக்கு ஏறியது பஞ்சத்திலிருந்தும் கடனிலிருந்தும் சாதியிலிருந்தும் தப்பிக்க. பினாங்கின் ஜெரெஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ (இன்றைய போர்ட் கிள்ளான்) இறங்கியவர்களைத் தனிமை முகாமில் அடைத்துவைத்தார்கள். இது அறிவியல் புனைகதை இல்லை, பட்டியலில் சேர்க்கச் சொல்லவும் இல்லை. ஆனால் மலேசியத் தமிழில் யாராவது இந்த வகைக் கதை எழுத உட்கார்ந்தால் இந்த நினைவு இல்லாமல் எழுத மாட்டார்கள், அவர்கள் கையில் கொடுக்கிற சொல்லில் தப்பித்தலும் மாட்டிக்கொள்ளலும் சேர்ந்தே இருக்கட்டும் என்கிறேன்.

அறிவியல் பக்கமும் இதே கதைதான். 1962இல் பிரான்சின் மார்சேய் அருகே, கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவினர் இருவர் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு கூட்டுக்குள் ஒரு வாரம் தங்கினார்கள். அந்தக் கூட்டின் அடியில் திறந்த வாசல்; உள்ளே காற்றின் அழுத்தமும் வெளியே நீரின் அழுத்தமும் சமம் என்பதால் தண்ணீர் மேலே ஏறாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். இன்னும் ஆழமான இடத்தில் நாள்கணக்கில் தங்கினால் மூச்சில் போன வாயு உடம்பு முழுக்கக் கரைந்து நிறைந்துவிடும், சடாரென்று மேலே வந்தால் சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி குமிழ் கிளம்பி உயிரைக் குடிக்கும். தண்ணீரை வெளியே நிறுத்துகிற அழுத்தம்தான் ஆளையும் உள்ளே நிறுத்துகிறது. கதவு திறந்தே கிடக்கும், மேலே போக முடியாது. ஆழ்கடல் மனைகளைப் பற்றிய கதைகளுக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது.

பழந்தமிழில் முன்மாதிரி உண்டா என்று ஐயா கேட்டிருந்தார். மணிமேகலா தெய்வம் இருக்கிறது. கப்பல் உடைந்து கடலில் தத்தளித்த கோவலனின் முன்னோன் ஒருவனைக் காப்பாற்றியது அந்தத் தெய்வம், அதனால்தான் மாதவியின் மகளுக்கு அந்தப் பெயர். இந்திரவிழா நின்றுபோனபோது புகார் நகரைக் கடல் கொள்ளட்டும் என்று சபித்ததும் அதே தெய்வம். ஆறு கடலில் புகும் இடம் என்பதால் புகார் என்று பொருள் சொல்வதும் உண்டு, அதனால் வேரும் நமக்கு அந்நியமில்லை.

தனிமடலில் ஒருவர் ‘கடலணங்கு’ கேட்டார். அணங்குடை முந்நீர் என்று அகநானூறு பாடுகிறது, வருத்தும் ஆற்றல் அதில் நிறையவே இருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. தவிரவும் இன்றைக்குப் படிப்பவர்கள் கடற்கன்னியைத்தான் நினைப்பார்கள். ‘புகல்’ என்றால் சொல்லுதல் என்றும் பொருள் வருமே என்ற தடை நியாயமானது, ஆனால் புகலிடம் என்பதை யாரும் பேசும் இடம் என்று படிப்பதில்லை.

பட்டியலுக்கு என் வரைவு: கடற்புகல் – அறிவியல் புனைகதையில், கடலுக்குள் அடைக்கலம் தேடுவதும் கடலால் அழிவு நேர்வதும் ஒரே காரணத்தில் பிணைந்து வரும் கதைக்கரு. அதிலிருந்து கடற்புகல் கதை, கடற்புகுநர். வெறும் வெள்ளக் கதைகளுக்குக் கடல்கோள் அப்படியே இருக்கட்டும், ஐயா. கடலே சிந்திக்கும் உயிராக வரும் அயற்கோள் கதைகளை இதில் சேர்க்க வேண்டாம், அது வேறு கரு.

அக்கா, கடலரணை ஆழ்கடல் மனைக்குப் பயன்படுத்தலாமா? எனக்குச் சம்மதம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.