துண்டறிக்கையில் இருந்த ஒரு வரி

தேர்தல் வாக்குறுதியைத் தொடர்ந்து கவனித்த அனுபவங்களைப் பலரும் இங்கே எழுதுவதால், அயர்லாந்தில் எனக்கு நேர்ந்ததையும் பகிர்கிறேன்.

2012 அக்டோபரில் அந்நாட்டின் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் இறந்தபோது நான் டப்ளினுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கரு தங்காது என்று தெரிந்த பிறகும், அதன் இதயத் துடிப்பு இருந்ததால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, கிருமித்தொற்றில் உயிரிழந்த அந்தக் கர்நாடகப் பெண்ணுக்கு 31 வயது. 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்புத் தடையை நீக்க வாக்களித்தார்கள். எனக்கு அப்போது குடியுரிமை இல்லாததால் வாக்கும் இல்லை. என் முதல் வாக்கு 2020 பிப்ரவரிப் பொதுத்தேர்தலில்தான்.

அந்தத் தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவர், இங்குள்ள வழக்கப்படி, மழையில் நனைந்தபடி வாசலுக்கு வந்து ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தார். அதில் இரண்டு உறுதிமொழிகள் இருந்தன. மருத்துவமனை வாசலில் நின்று பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கும் பாதுகாப்பு வளையச் சட்டத்தைக் கொண்டுவரப் பாடுபடுவார். கருக்கலைப்புக்கு முன் மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க ஆதரவளிப்பார். 'பாடுபடுவார்', 'ஆதரவளிப்பார்' என்னும் இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் அன்று எனக்கு உறைக்கவில்லை. துண்டறிக்கையை மட்டும் மின்கட்டண ரசீதுகளோடு பத்திரப்படுத்தினேன்.

அவர் வென்றார். முதல் வாக்குறுதி, தாமதமானாலும், நிறைவேறியது: மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் வளையம் அமைக்கும் சட்டம் 2024 மே மாதம் கையெழுத்தாகி, அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. முந்தைய அரசு 2018-லேயே சொன்னதற்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரண்டாவதுதான் என்னை அலைய வைத்தது. கருக்கலைப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த வழக்கறிஞர் மரீ ஓஷே, காத்திருப்பு கட்டாயமாக இருக்கத் தேவையில்லை என்று 2023 ஏப்ரலில் வெளியான அறிக்கையில் பரிந்துரைத்தார். 19 மகப்பேறு மருத்துவமனைகளில் 11 மட்டுமே அப்போது முழுக் கருக்கலைப்புச் சேவை தந்தன என்பதும் அவ்வறிக்கையில் இருந்தது. அடுத்த மாதமே, அந்தக் காத்திருப்பை நீக்க எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆளுங்கட்சியினர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று விடப்பட்டிருந்தது. நாடாளுமன்றத் தளத்தில் வாக்குப் பட்டியல் ஐரிஷ் மொழியில் வரும்: ஆம் என்பதற்குத் 'தா', இல்லை என்பதற்கு 'நீல்', நடுநிலைக்கு 'ஸ்டான்'. (தமிழ்க் காதுக்குத் 'தா' என்பது கேட்பதுபோலவே இருக்கும்.) மூன்றிலும் அவர் பெயரைத் தேடினேன், ஒன்றிலும் இல்லை. மசோதா அந்தக் கட்டத்தைத் தாண்டியது, அவர் இல்லாமலேயே.

சனிக்கிழமைகளில் தொகுதி மக்களைச் சந்திக்கும் நேரத்தை இங்கே 'கிளினிக்' என்பார்கள். நான் போன அன்று எனக்கு முன்னால் இருந்தவர் வீட்டு வசதிப் பிரச்சினைக்காகவும், அவருக்கு முன்னால் இருந்தவர் தெருவிளக்குக்காகவும் வந்திருந்தார்கள். என் முறை வந்ததும் வாக்குப் பட்டியலின் நகலை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை, அன்று தொகுதியில் வேறொரு நிகழ்ச்சி இருந்தது என்றும், இதைத் தனிநபர் மசோதாவாக அல்லாமல் அரசே கொண்டுவருவதுதான் முறை என்றும் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் அரசு அப்படி எதையும் கொண்டுவரவில்லை. 2024 நவம்பரில் அவை கலைக்கப்பட்டபோது அந்த மசோதாவும் காலாவதியாயிற்று.

அதே மாதம் அவர் மீண்டும் வாசலுக்கு வந்தார். புதிய துண்டறிக்கையில் பாதுகாப்பு வளையம் சாதனைப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. மூன்று நாள் காத்திருப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. உள்ளே போய்ப் பழையதை எடுத்து வந்து கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாம் எழுதியதைத் தாமே ஒருமுறை முழுதாகப் படித்தார். "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நகல் வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன் என்றேன்.